கித்தாக் காடு சிவக்கும் மாதம்

முதல் நாள்: சுங்கை சிப்புட்

கிள்ளானில் விடியுமுன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, கோலாலம்பூர் சென்ட்ரலில் வடக்கே போகும் மின்சார ரயிலைப் பிடித்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சுங்கை சிப்புட்டில் இறங்கியாகிவிட்டது. தைப்பூசம் கழிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மழையைக் கண்டு பத்து நாளுக்கு மேலாகிறது என்று நிலையத்து வாசலில் நின்ற டாக்சிக்காரர் அலுத்துக்கொண்டார். வழி நெடுகச் சன்னலுக்கு வெளியே செம்பனைதான். அந்தப் பச்சைக்கு மாதமும் தெரியாது, பருவமும் தெரியாது. ஈப்போவைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் சிறு துண்டு நிலம் ஒன்று துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வந்து இரண்டு நொடிகளில் மறைந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் அதைப் பார்த்துவிட்டு, “மரமெல்லாம் பட்டுப்போயிடுச்சா ஆன்டி?” என்று கேட்டார். பட்டுப்போகவில்லை, கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், இலை மாற்றுகிறது என்றேன். அவருடைய பாட்டி பால் வெட்டியவராம். ஆனாலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நடக்கத் தொடங்குவதற்குள் அந்தப் பாட்டியின் தோட்டம் செம்பனைக்கு மாறியிருக்கும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஜப்பான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நாங்கள் ஐந்து பேர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில், நிக்கோவுக்கு மேலே 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூசென்ஜி ஏரிக்கரையில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கப் போயிருந்தோம். நான்தாய் எரிமலையின் குழம்பு பள்ளத்தாக்கை அடைத்து உண்டான ஏரி அது. கரையைச் சுற்றி 25 கிலோமீட்டர் என்றார்கள். நாங்கள் நடந்தது அதில் ஒரு மூலை. ஊர் திரும்பியதும் படங்களைச் சின்னம்மாவிடம் காட்டினேன். முப்பத்தொரு வருடம் பால் வெட்டிய கை அது. கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அழகாத்தான் இருக்கு. இந்த மரத்துல பால் வருமா?”

வராது என்றதும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, “மாசி மாசம் வா, நான் காட்டுறேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு வெள்ளி செலவு பண்ணின?” என்றார். சென்ற ஆண்டு வர முடியவில்லை. இந்த ஆண்டு வந்துவிட்டேன்.

சின்னம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, மகனோடு டவுனை ஒட்டிய தாமான் என்னும் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீட்டில் இருக்கிறார். சுங்கை சிப்புட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு செய்திகள் சொன்னால் போதும். 1948 ஜூன் 16ஆம் தேதி இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டித்தான் மலாயாவில் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் தொடங்கியது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். மற்றபடி, ஒரு பெரிய சடக்கும் அதன் இரு பக்கமும் கடைவரிசையுமாக, மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புகிற ஊர்.

இரவு டின் சார்டின் குழம்பும் அவித்த மரவள்ளியும். நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு நடப்பாய் என்று கேட்டார். ஜப்பானுக்காக வாங்கிய நடைக்காலணியைக் காட்டினேன். அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: கோலகங்சார்

தம்பி, அதாவது சின்னம்மாவின் மகன், காரை எடுத்தார். சின்னம்மா காட்டுவதாகச் சொன்ன காடு இருக்கும் தாசிக் ராபான் ஏரிக்குப் போகும் வழியில் கோலகங்சார் வருவதால், அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் பழைய கித்தா மரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் பொற்கூரையைக் காரிலிருந்தே பார்த்தோம். வெயிலில் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

மரத்தின் கதை பள்ளியில் நானே பலமுறை நடத்திய பாடம். ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மிகச் சொற்பம். அந்த வழி வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. எஞ்சி நிற்பது ஒன்று. பாடம் நடத்தியபோது அந்த ஒன்பதிலிருந்து ஒரு நாட்டின் பொருளாதாரம் கிளைத்ததைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அந்தக் கிளையில் எத்தனை லட்சம் பேர் கப்பலேறி வந்து தொங்கினார்கள் என்பதைப் பாடநூல் ஒரு வரியில் முடித்துக்கொண்டது. நானும் அப்படியே முடித்துக்கொண்டேன்.

அடிமரம் நம் தோட்டத்து மரங்களைப் போல வழவழப்பாக இல்லை. முண்டும் முடிச்சுமாகப் பருத்து, வேலிக்குள் தனியாக நிற்கிறது. சின்னம்மா வேலிக்கு வெளியே நின்று பட்டையைப் பார்த்தார். “யாரோ முந்தி கொத்தித் தள்ளியிருக்கான்” என்றார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் பழைய வேலையைப் பார்த்துச் சொல்லும் குரல் அது.

பால் வெட்டில் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவும் முறையை வகுத்தவர், 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி. விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பித் தோட்டக்காரர்களிடம் நடும்படி மன்றாடுவாராம். அவர்கள் அவருக்குப் பைத்தியக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீன வணிகர்தான் முதலில் வணிக நோக்கில் பெரிய அளவில் நட்டவர். இதையெல்லாம் சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு ரிட்லியைப் பற்றித் தெரியாது. ஆனால் உள்தோலுக்கும் கத்திக்கும் இடையே ஒரு மயிரிழை விட வேண்டும், ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகக்கூடாது, கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும் என்பதெல்லாம் அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். அவரைக் கேட்டிருந்தால் மில்லிமீட்டர் என்று சொல்லியிருக்க மாட்டார். “ஒரு வெள்ளிக்காசு தடிமன்கூட இருக்கக் கூடாது” என்பார்.

மாலையில் தாசிக் ராபான் பக்கம் வந்து சேர்ந்தோம். தங்கியிருப்பது மலாய்க்காரர் ஒருவரின் வீட்டில், ஏரியைப் பார்த்த இரண்டு அறைகள். முன்பதிவு செய்த வேறொரு விடுதியில் எங்கள் பெயரே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். முன்பணம் திரும்பி வர இரண்டு வாரம் ஆகுமாம். தம்பி அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சின்னம்மா எதிர்க்கடையில் பேச்சுக் கொடுத்து இந்த வீட்டைப் பிடித்துவிட்டார். வீட்டுக்காரருக்கும் ஐந்து ஏக்கர் கித்தாக் காடு இருக்கிறது. “இந்த மாதத்தில் வந்து என்ன பார்க்கப் போகிறீர்கள், பாலே இல்லையே” என்று அவரும் மலாயில் கேட்டார்.

மூன்றாம் நாள்: ஏரிக்கரை

இது மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏரியே தவிர, சூசென்ஜியைப் போல உயரத்தில் இருக்கும் ஏரி அன்று. பேராக் ஆற்றை மறித்து 1930இல் முடிக்கப்பட்ட செண்டெரோ அணையால் தேங்கிய நீர்தான் பள்ளத்தாக்குகளுக்குள் விரல் விரலாக நுழைந்து இப்படிப் பரந்திருக்கிறது. அந்த ஆற்றில் இன்று மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகள் உள்ளன. கடைசியில் இருப்பதே வயதில் மூத்தது. கிழக்கே தித்திவங்சா, மேற்கே பிந்தாங் மலைத்தொடர். வடக்கே சிறிது தூரத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேராக் மனிதனின் எலும்புக்கூட்டை 1991இல் கண்டெடுத்த குகை அங்கேதான் இருக்கிறது. அதற்கு இன்னொரு பயணம் வர வேண்டும்.

நடைபாதை என்று யாரும் போட்டு வைக்கவில்லை. பால் வெட்டுகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் போய்வந்து உண்டாக்கிய செம்மண் தடம் ஒன்று கரையோரமாகத் தோட்டத்துக்குத் தோட்டம் தாவிப் போகிறது. வீட்டுக்காரர் தம் நிலத்தின் எல்லை வரையிலும், அதற்கப்பால் அவருடைய அண்ணன் தம்பிகளின் நிலங்கள் வழியாகவும் போக அனுமதி கொடுத்திருந்தார். கோப்பியும் நாசி லெமாக்குமாகப் பசியாறிவிட்டு ஏழரைக்குக் கிளம்பினோம். சின்னம்மா வழியிலேயே ஒரு சாமான் கடையில் கறுப்பு ரப்பர்க் காலணி ஒரு சோடி வாங்கியிருந்தார். “கம்பத்து அடிடாஸ்” என்று நாடே கேலியாகச் சொல்லும் அதே காலணி. தீம்பாரில், அதாவது கித்தாக் காட்டு வேலையில், அவர் காலம் முழுக்கப் போட்டது அதைத்தான்.

மூடுபனி இன்னும் நீரைவிட்டு எழவில்லை. எதிர்க்கரை முதலில் தெரியவே இல்லை; பிறகு நிறங்கள் மட்டும் தெரிந்தன; மரங்கள் கடைசியாகத்தான் வந்தன. மஞ்சள், செங்கல் நிறம், சருகின் பழுப்பு, நடுவில் ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறக் கொம்புகள், அதையடுத்து இன்னும் இலை மாற்றாத கரும்பச்சை. ஒவ்வொன்றும் கோடு போட்டது போல ஒரு சதுரத்தில் நின்றது. பாட்டிமார் பழைய சேலைகளை வெட்டி ஒட்டுத் தைத்த போர்வையை மலைச்சரிவில் காயப்போட்டது போலிருந்தது. சூசென்ஜியில் நான் பார்த்தது வேறு. அங்கே மேப்பிளும் பிர்ச்சும் பீச்சும் தாமாகக் கலந்து வளர்ந்து, ஒவ்வொரு சாதி மரமும் தன் நிறத்தைக் காட்டியது. இங்கே இருப்பது ஒரே சாதி மரம். அப்படியிருக்க ஏன் இந்தச் சதுரங்கள்?

சின்னம்மாவுக்கு அது கேள்வியே இல்லை. “கன்னு வேற வேற. அது அறுநூறு. அதுக்கு அங்கிட்டு நிக்கிறது வேற நம்பரு” என்றார். அவர் அறுநூறு என்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு ரகம். 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆய்வுக்கழகத்தின் பெயர்பெற்ற பிள்ளை. ஒட்டுக்கன்று என்பது ஒரே தாய்மரத்தின் கண்களை வெட்டி ஒட்டி வளர்ப்பது. ஆகவே ஒரு துண்டு நிலத்தில் நிற்கும் ஐந்நூறு மரங்களும் உண்மையில் ஒரே மரம்தான். ஒன்று மஞ்சளானால் எல்லாம் மஞ்சளாகும். ரகத்துக்கு ரகம் இலை மாற்றும் வாரம் வேறுபடும். எதிர்க்கரையில் யார் எந்த ரகத்தை எப்போது நட்டார்கள் என்பதைத்தான் அந்த நிறங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு கிலோமீட்டர் போனதும் இதற்குச் சாட்சி கிடைத்தது. யாரும் வெட்டாமல் விட்ட கிழட்டுக் காடு ஒன்று. விதையிலிருந்து முளைத்த மரங்கள். அதில் ஒன்று முழுக்கச் சிவந்திருக்க, அடுத்தது மொட்டையாக நிற்க, மூன்றாவது பச்சை மாறாமல் இருந்தது. அவரவர் பிறவி அவரவர்க்கு. பயணம் முழுவதிலும் எனக்குப் பிடித்த காடு அதுதான். சின்னம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தார்: “கலப்புக் காடு. பாலு ஒரே சீரா வராது.”

குளிர்நாடுகளில் பகல் குறைவதும் குளிர் இறங்குவதும் இலையை உதிரச் சொல்கின்றன. இங்கே பகலும் குறைவதில்லை, குளிரும் வருவதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் மழை ஓய்ந்து காற்று வறண்டதும், நான்கைந்து வயதுக்கு மேற்பட்ட மரங்கள் இலையிலிருந்து எடுக்கக்கூடிய சத்தையெல்லாம் தண்டுக்கு இழுத்துக்கொள்கின்றன. பச்சையம் சிதைகிறது, அதன் கீழே முன்பே இருந்த மஞ்சள் வெளியே வருகிறது, சிவப்பு அப்போது புதிதாக உண்டாகிறது. ஒரு மரம் மொட்டையாகி மறுபடி தழைக்கச் சில வாரங்களே ஆகின்றன. ஜப்பானிலோ அது நீண்ட குளிர்காலம்.

தடத்தில் கிடந்த ஓர் இலையை எடுத்துப் பார்த்தேன். நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள், கோழிக்கால் விரித்தது போல. நடுநரம்பின் இரு பக்கமும் இன்னும் ஒரு கோட்டுப் பச்சை. அதிலிருந்து விளிம்புக்குப் போகப் போக மஞ்சளாகி, ஆரஞ்சாகி, நுனியில் பாக்குச் சாயம். மூன்றும் சேரும் இடத்தில் கடுகை விடச் சிறிய புடைப்புகள். அவை தேன் சுரப்பிகள். இலை இளசாக இருக்கும்போது அங்கே தேன் கசியும். இதற்குள் சின்னம்மா இன்னோர் இலையைப் பொறுக்கி நீட்டினார். அதுவும் மஞ்சள்தான், ஆனால் பரப்பு முழுக்க வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள். “இது காலத்துல விழுந்தது இல்ல, நோயில விழுந்தது” என்றார். மாலையில் வீட்டுக்காரரிடம் காட்டினோம். பெஸ்டலோதியோப்சிஸ் என்னும் பூஞ்சை. 2017 முதல் இந்நாட்டுக் கித்தாக் காடுகளில் பரவிவரும் இலையுதிர்வு நோய். பருவம் இல்லாத நேரத்திலும் இலையைக் கொட்டிவிடும் என்று அவர் பெருமூச்சு விட்டார். தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே நிறம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எதிர்க்கரையை முன்போல ரசிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு மேல் காட்டுக்குள் வெயில் இறங்கிவிட்டது. கித்தாக் காடு என்றாலே எனக்கு இருட்டும் ஈரமும் கொசுவும்தான் நினைவு. தலைக்கு மேல் இலை இல்லாத இந்த மாதத்தில் மட்டும் அது வெட்டவெளி ஆகிவிடுகிறது. கால் வைத்த இடமெல்லாம் சருகு வெடித்தது. பேச வேண்டுமானால் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. ஏரிக்கு இறங்கும் ஒரு சரிவில், சருகுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கால் வைத்து, என் விலையுயர்ந்த காலணியோடு நான்கு முழம் வழுக்கிப்போய் ஒரு மரத்தில் முட்டி நின்றேன். இடது கணுக்கால் லேசாகப் பிசகியது. எழுபத்து மூன்று வயதுக்காரர், எட்டு வெள்ளிக் காலணியில், பக்கவாட்டில் பாதத்தைப் பதித்துப் பதித்து இறங்கி வந்தார். “சருகு மேல நேரா மிதிக்காத, குத்திட்டு மிதி” என்றார். அதற்குப் பிறகு விழவில்லை.

நான் முட்டி நின்ற மரத்தில் கம்பி வளையத்தில் தொங்கிய, பால் பிடிக்கும் மங்கு சாய்ந்து, உள்ளே சருகும் கறுத்துப்போன ஒட்டுப்பால் துண்டும் இருந்தன. சின்னம்மா என் காலைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டார். ஒட்டுப்பாலை நகத்தால் கெல்லி எடுத்து, சருகைத் தட்டி, மங்கைக் குப்புறக் கவிழ்த்து வளையத்தில் வைத்தார். பிறகுதான், “வலிக்குதா மா?” என்றார். அன்றைய நடை முழுவதும் கைக்கெட்டிய மங்குகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டே வந்தார். யாருடைய மரமோ.

மதியம் ஏரியோரப் பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இலை விழும் மாதங்களைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். மரம் தன் கையிருப்பையெல்லாம் புது இலைக்குச் செலவழிப்பதால் பால் சுண்டிவிடும். அந்த நாளில் கூலி பாலின் எடையோடு கட்டப்பட்டிருந்தது. காண்டா வாளி பாதிகூட நிறையாமல் ஸ்டோருக்குப் போனால், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, மெட்ரோலாக் என்னும் அளவுக்கருவியை விட்டுப் பாலின் கெட்டியைப் பார்த்து, சருகு கிடக்கிறது என்று அதிலும் கழிப்பார். சில நிரைகளில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். ஆட்களைப் புல்வெட்டுக்கும் கான் வெட்டுக்கும் அனுப்புவார்கள். மழைக்காலத்தில் நாட்கணக்கில் வேலை போகும். இலை மாற்றத்தில் மாதக்கணக்கில் வருமானம் போகும். தைப்பூசத்துக்கு வாங்கிய கடன் நிற்கும், சித்திரை வருஷப்பிறப்புக்குத் துணி எடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே இந்தச் சிவப்பு. “உங்கம்மா காதுத் தோடு ஒவ்வொரு மாசியிலயும் அடகுக்கடைக்குப் போவும், ஆடியில திரும்பி வரும். உனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். இந்த மாதத்தில் நாங்கள் பிள்ளைகள் சருகைக் குவித்து அதில் குதிப்போம்; காட்டுக்குள் வெயில் வரும், பந்து தெளிவாகத் தெரியும், எங்களுக்கு அது கொண்டாட்டக் காலம். அம்மாவின் காது வெறுமையாக இருந்ததை நான் எந்தப் பருவத்தோடும் சேர்த்துப் பார்த்ததில்லை. நிக்கோவில் கூட்டத்தோடு நின்று ஆவென்று வாய் பிளந்த அதே நிறத்தின் கீழேதான் என் வீட்டுப் பெண்கள் நின்று அந்த மாதத்து அரிசிக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். சின்னம்மா வருத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

தீயைப் பற்றியும் சொன்னார். யாரோ சுருட்டைப் போட்டுவிட்டு, சருகு பற்றி, இரவெல்லாம் பச்சைக் கொப்பால் அடித்து அணைத்த கதை. அதிலிருந்து இந்த மாதத்தில் மட்டும் நிரைக்கு நிரை சருகு கூட்டும் வேலை வந்ததாம். அதற்குக் கூலி உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

என் கைப்பேசிக் கணக்கில் போக வர ஒன்பது கிலோமீட்டர். கணுக்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம்.

நான்காம் நாள்: மேட்டுக்காடு

வீக்கம் வற்றிவிட்டது. இரவு ஒரு சிறு தூறல் போட்டிருந்தது. வாசலுக்கு வந்த வீட்டுக்காரரும் சின்னம்மாவும் ஈரத் தரையைப் பார்த்து ஒரே நேரத்தில் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். துளிர் விடும் நேரத்தில் தூறலும் மூடுபனியும் ஆகா. இளந்துளிரில் வெள்ளைப் பொடி தூவியது போலச் சாம்பல் நோய் பிடித்து, வந்த இலையும் கொட்டிவிடும். தோட்டத்தில் அதற்கு விடியற்காலையில் கந்தகத் தூளை இயந்திரத்தால் மரத்துக்கு மேல் ஊதுவார்களாம். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் தீபாவளி வெடி வாசனை அடித்தது எனக்கும் நினைவிருக்கிறது.

ஏரியைவிட்டு மேற்குச் சரிவில் ஏறினோம். வீட்டுக்காரரின் தம்பியுடைய நிலம். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே உதிர்த்து முடித்த ரகம். அங்கே இருந்த நிறம் நேற்றுப் பார்த்தவற்றில் எதுவும் இல்லை. பூசைக்குத் துலக்கி வைத்த செப்புக் குடத்தின் நிறம். ஒவ்வொரு கொம்பு நுனியிலும் துளிர்கள் மூன்று மூன்றாக, இன்னும் நிமிரத் தெரியாமல், ஈரத் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. விரலுக்கிடையில் பிடித்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போல வழுக்கியது. உடைந்த காம்பில் உடனே பால் துளிர்த்தது. உதிரப் போகும் இலையின் சிவப்பு மங்கியது, வரப்போகும் இலையின் சிவப்பு பளபளப்பது. படத்தில் இரண்டையும் வேறு பிரிப்பது கடினம். நேரில் ஐயமே எழாது.

காடு முழுக்க ஓர் இரைச்சல். முதலில் தூரத்தில் யாரோ புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவதாக நினைத்தேன். தேனீக்கள். நேற்று உதிர்ந்த இலையில் வறண்ட புடைப்பாகப் பார்த்த சுரப்பிகள், இங்கே காம்பு நுனியில் மினுமினுவென்று ஈரமாக இருந்தன. பூ வருவதற்குக் காத்திராமல் தேனீக்கள் இலையிலேயே தேன் எடுத்துக்கொண்டிருந்தன. ரப்பர்த் தேன் என்று கடையில் விற்பது இதுதான். முப்பத்தொரு வருடம் இந்த மரத்தோடு இருந்த சின்னம்மாவுக்கு இது புதிது. கண்ணைச் சுருக்கி நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்தார். “நாங்க எங்க மேல பாத்தோம்? கோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றார்.

மேட்டிலிருந்து ஏரி முழுவதும் தெரிந்தது. ஒரே ஒரு மீன்படகு நீரைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் பின்னால் எதிர்க்கரையின் செங்கல் நிறச் சதுரம் கலைந்து, ஆடி, மறுபடி சேர்ந்தது. நேற்றைக்கு மஞ்சளாக இருந்த ஒரு துண்டு இன்றைக்கு ஏறக்குறைய மொட்டை. இரவுத் தூறலின் வேலையாக இருக்கும். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். சின்னம்மா ஒரு முறைகூட மங்கைத் தொடவில்லை. அங்கே எல்லா மங்கும் ஏற்கெனவே ஒழுங்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. “கெட்டிக்காரன்” என்று நிலத்துக்காரரைப் பாராட்டினார்.

மாலை சுங்கை சிப்புட் திரும்பினோம். நாளை காலை எனக்கு ரயில். வாசலில் காலணியின் செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் அதே தோட்டத்தில், சின்னம்மாவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவர்.

“மூணு நாளா ஆளக் காணோமே, எங்க போயிருந்த?”

“கித்தாக் காட்டுல இலை விழுறதப் பாக்க.”

“இலை விழுறதப் பாக்கவா?” அவர் என்னையும் என் காலணியையும் பார்த்தார், டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற முகம். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “துளிரு விட்டுருச்சா?” என்று கேட்டார்.

“மேற்காலச் சரிவுல விட்டுருச்சு. கீழ இன்னும் கொட்டிக்கிட்டு இருக்கு.”

“தூத்தல் கீத்தல் விழுந்துச்சா?”

“முந்தாநேத்து வரைக்கும் இல்ல. நேத்து ராத்திரி கொஞ்சம்.”

“அட, வேணாமே” என்று அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். “அப்ப வெட்டு ஏற இன்னும் மூணு வாரம் ஆவும்.”

“நாலு” என்றார் சின்னம்மா.